சரியான பக்கம் எங்கே? விமானக் கையேடுகளும் தேடும் கருவியும்



என் தங்கை மகனுக்கு வயது பதினாறு. பள்ளி விடுமுறை வந்துவிட்டால் போதும், வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டத் தொடங்கிவிடுவான். விளையாட்டு என்று சொன்னால் கோபம் வரும். "இது கேம் இல்ல மாமா, சிமுலேட்டர்" என்பான். ஒரு நாள் மாலை அவன் பின்னால் நாற்காலி போட்டு அமர்ந்து வேடிக்கை பார்த்தேன். சாங்கியிலிருந்து புறப்பட்டுப் பினாங்கு நோக்கிப் பறந்து கொண்டிருந்தான். திடீரென்று திரையில் மஞ்சள் எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. ஹைட்ராலிக் அழுத்தம் குறைகிறது என்றது.

"புத்தகத்தைப் பாரப்பா" என்றேன்.

"அது ஆயிரம் பக்கத்துக்கு மேல மாமா" என்று சிரித்தான். திரையின் ஓரத்தில் இருந்த ஒரு சிறிய பெட்டியில் இரண்டு சொற்களைத் தட்டினான். கண் மூடித் திறப்பதற்குள் பதினேழு பக்கங்கள் வரிசையாக வந்து நின்றன. முதலில் இருந்ததைத் திறந்து, அதில் சொன்னபடி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தான். நிலைமை சீராகவில்லை, மோசமாயிற்று. பிறகுதான் பார்த்தான். திறந்திருந்த பக்கம் அவன் ஓட்டிய விமானத்தின் கையேட்டில் உள்ளதே இல்லை. அதே கோப்புறையில் வைத்திருந்த வேறொரு விமானத்தின் கையேடு அது!

பாவனை விமானம் என்பதால் யாருக்கும் ஆபத்தில்லை. ஒரு பொத்தானை அழுத்தினான், விமானம் மறுபடியும் சாங்கியில் நின்றது. ஆனால் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. விமானிக்கும் அவருடைய புத்தகத்துக்கும் உள்ள உறவு எப்படித் தொடங்கியது? தேவையான பக்கத்தைத் தேவையான நேரத்தில் கண்டுபிடிக்க மனிதர்கள் என்னென்ன வழி கண்டார்கள்? அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆர்கன் பெட்டியில் பிறந்த விமானம்

தரையிலேயே இருந்துகொண்டு பறக்கக் கற்பது என்ற எண்ணத்தைப் பயனுள்ள கருவியாக்கியவர் அமெரிக்காவைச் சேர்ந்த எட்வின் லிங்க். நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் நகரில் அவருடைய தந்தையார் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை நடத்தி வந்தார். ஆர்கன் என்பது காற்றை ஊதி இசை எழுப்பும் கருவி. அதில் துருத்திகள், குழாய்கள், அடைப்பான்கள் எல்லாம் உண்டு. இளைஞர் லிங்கிற்கு விமானம் ஓட்டக் கற்க ஆசை. பயிற்சிக் கட்டணமோ அதிகம். அவர் அந்தத் துருத்திகளையே எடுத்து, மரத்தால் செய்த ஒரு குட்டி விமானத்தின் அடியில் பொருத்தினார். உள்ளே அமர்ந்தவர் கைப்பிடியை அசைத்தால் பெட்டி சாயும், நிமிரும், திரும்பும். 1929இல் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார்.

தொடக்கத்தில் இதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. கேளிக்கைப் பூங்காக்களில் காசு போட்டு ஏறி ஆடும் பொருளாகத்தான் அது முதலில் விலைபோனது.

1934இல் நிலைமை மாறியது. அந்த ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க இராணுவ விமானப் படை, அஞ்சல் பைகளை ஏற்றிச் செல்லும் பொறுப்பை ஏற்றது. குளிர்காலம், இரவு, மூடுபனி. வெளியே ஒன்றும் தெரியாத வானத்தில் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி பல விமானிகளுக்கு இல்லை. சில வாரங்களில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகுதான் லிங்கின் நீலப் பெட்டிக்கு மரியாதை வந்தது. அதே ஆண்டில் இராணுவம் ஆறு கருவிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் இலட்சக்கணக்கானோர் அந்தப் பெட்டிக்குள் அமர்ந்து பயிற்சி பெற்றார்கள்.

உயிர்ச் சேதம் வந்த பிறகே பாடம் படிக்கப்படுகிறது என்பது வேதனை. விமானியின் கைக்குப் பட்டியல் வந்த கதையும் அப்படிப்பட்டதுதான்.

மறந்துபோன ஒரு பூட்டு

1935 அக்டோபர் 30. ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகருக்கு அருகில் உள்ள ரைட் களம். போயிங் நிறுவனத்தின் 299 எனப்பட்ட புதிய நான்கு இயந்திர விமானம் சோதனைப் பறப்புக்குப் புறப்பட்டது. ஓட்டியவர் மேஜர் பிளாயர் ஹில், அனுபவம் மிக்க சோதனை விமானி. விமானம் மேலே எழும்பியது, மூக்கை மேலும் மேலும் தூக்கியது, பின்பு விழுந்து தீப்பற்றியது. ஹில் இறந்தார். உடன் இருந்த போயிங் நிறுவனத்தின் சோதனை விமானி லெஸ்லி டவரும் பின்னர் காயங்களால் இறந்தார்.

விசாரணையில் இயந்திரக் கோளாறு எதுவும் தென்படவில்லை. விமானம் தரையில் நிற்கும்போது வாலில் உள்ள சுக்கான்கள் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. புறப்படும் முன் அதை விடுவிக்க வேண்டும். அதை விடுவிக்க மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

"கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்று சொல்லி விட்டுவிடுவது எளிது. அந்தக் காலத்து விமானிகள் அப்படி விடவில்லை. இவ்வளவு தேர்ந்தவரே மறந்தார் என்றால், குறை மனிதரிடம் மட்டும் இல்லை, நினைவை மட்டுமே நம்பும் வழக்கத்திலும் இருக்கிறது என்று கண்டார்கள். புறப்படும் முன், பறக்கும்போது, இறங்கும் முன் என்று செய்ய வேண்டியவற்றை எழுதி, விமானியின் கையில் கொடுத்தார்கள். சரிபார்ப்புப் பட்டியல் என்று நாம் இன்று சொல்வது இவ்வாறுதான் நிலைபெற்றது. ஓட்டுவதற்குச் சிக்கலானது என்று பேசப்பட்ட அந்த விமானத்தின் வழிவந்ததே பி-17. போர் முடிவதற்குள் அது 12,000க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டப்பட்டது.

பட்டியல் புத்தகமானது, புத்தகம் மூட்டையானது

முதலில் பட்டியல் ஓர் அட்டையில் அடங்கியது. விமானம் வளர வளர அட்டை போதவில்லை. ஜெட் விமானங்கள் வந்தபோது மின்சாரம், எரிபொருள், காற்றழுத்தம், ஹைட்ராலிக் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அத்தியாயம் தேவைப்பட்டது. ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு செய்முறை எழுதப்பட்டது. ஒவ்வொரு விபத்து விசாரணைக்குப் பின்னும் சில பக்கங்கள் கூடின.

இங்கே ஒரு புதிய சிக்கல் தலைகாட்டியது. புத்தகத்தில் விடை இருக்கிறது. ஆனால் எந்தப் பக்கத்தில்? இயந்திரம் தீப்பற்றி எரியும்போது அமர்ந்து பொருளடக்கம் படிக்க முடியுமா? எனவே ஆபத்து நேரச் செய்முறைகளை மட்டும் தனியே பிரித்து, விரைவுக் கையேடு ஒன்றைத் தயாரித்தார்கள். பள்ளிக்கூட அகராதியின் ஓரத்தில் எழுத்துகள் வெட்டியிருப்பதுபோல, பக்க ஓரத்தில் எண்ணிட்ட தாவல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். எண்ணைப் பிடித்து இழுத்தால் பக்கம் திறக்கும்.

1980களில் இன்னொரு படி ஏறினார்கள். ஏர்பஸ் ஏ310, போயிங் 757, 767 போன்ற விமானங்களில் கோளாறுகள் திரையில் எழுத்தாகத் தோன்றின. ஏர்பஸ் முறையில், என்ன செய்ய வேண்டும் என்பதும் கூடவே வந்தது. விமானி பக்கத்தைத் தேட வேண்டியதில்லை, பக்கமே விமானியைத் தேடி வந்தது என்று சொல்லலாம்.

ஆனாலும் மூட்டை குறையவில்லை. வரைபடங்களும் கையேடுகளும் அடைத்த தோல் பையை விமானிகள் சுமந்தே நடந்தார்கள். ஏறக்குறைய 16 கிலோ எடை. 2011 டிசம்பரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் ஐபேட் பலகையைப் பறப்பின் எல்லாக் கட்டங்களிலும் பயன்படுத்த அந்நாட்டு ஆணையம் அனுமதி வழங்கியது. பிற நிறுவனங்களும் அவ்வழியில் நடந்தன. பை சுருங்கியது. பக்கங்கள் மட்டும் சுருங்கவில்லை.

வீட்டுக்குள் வந்த விமானி அறை

இதே காலத்தில் விமானம் இன்னொரு வாசல் வழியாக நம் வீட்டுக்குள் நுழைந்தது. இலினாய் பல்கலைக்கழகத்தில் பயின்ற புரூஸ் ஆர்ட்விக் என்பவர், கணினித் திரையில் விமானியின் கண்ணுக்குத் தெரியும் காட்சியை வரைவது பற்றி 1975இல் ஆய்வேடு எழுதினார். அவர் உருவாக்கிய மென்பொருள் முதலில் ஆப்பிள் இரண்டு கணினிக்கு வந்தது. 1982இல் மைக்ரோசாஃப்ட் பெயரில் ஐபிஎம் கணினிக்கு வந்தது. தரை என்பது சில கோடுகள், மலை என்பது ஒரு முக்கோணம். ஆனாலும் பறந்தார்கள்! அந்த வரிசையின் புதிய பதிப்புகள் 2020இலும் 2024இலும் வெளிவந்து, நம் தெருவையே வானத்திலிருந்து காட்டுகின்றன.

பழைய பதிப்புகளின் பெட்டியில் அச்சிட்ட கையேடு ஒன்று இருக்கும். பிள்ளைகள் அதைப் படுக்கையில் வைத்துப் படித்தார்கள். 1993இல் அடோபி நிறுவனம் பிடிஎஃப் என்ற கோப்பு வடிவை வெளியிட்டது. அதன் பிறகு அச்சுச் செலவு என்ற தடை நீங்கியது. தனியார் நிறுவனங்கள் உண்மை விமானத்தை அச்சு அசலாக ஒத்த பாவனை விமானங்களை விற்கத் தொடங்கின. அவற்றோடு வரும் கையேடுகளும் உண்மைக் கையேடுகளைப் போலவே தடித்தன. சில ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். பத்து விமானம் வாங்கிய பையனின் கணினியில் ஒரு சிறு நூலகமே இருக்கிறது. நூலகரைத்தான் காணோம்.

அந்த நூலகரின் வேலையைச் செய்வதுதான் கணினியில் நிறுவிக்கொள்ளும் தேடும் கருவி.

தேடும் கருவி என்ன செய்கிறது?

இது ஏதோ மாயம் என்று எண்ண வேண்டாம். நம் தமிழில் பழகிய வேலைதான். டாக்டர் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த சங்க நூல்களின் பின்பகுதியைப் புரட்டிப் பாருங்கள். பாட்டு முதற்குறிப்பு அகராதி இருக்கும், அரும்பத அகராதி இருக்கும். ஒரு சொல் எந்தப் பாட்டில் வருகிறது என்று அறிய நூல் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. யாரோ ஒருவர் நமக்காக முன்பே முழுவதையும் படித்து, சொற்களை வரிசைப்படுத்தி, எண்ணைக் குறித்து வைத்திருக்கிறார்.

தேடும் கருவியும் அதையே செய்கிறது. கோப்புறையில் உள்ள ஒவ்வொரு கையேட்டையும் முன்கூட்டியே ஒருமுறை படிக்கிறது. எந்தச் சொல் எந்தக் கோப்பில், எந்தப் பக்கத்தில் என்று ஒரு சொல்லடைவு தயாரித்துக்கொள்கிறது. நாம் சொல்லைத் தட்டும்போது கையேட்டைத் தேடுவதில்லை, அந்தச் சொல்லடைவைத்தான் பார்க்கிறது. அதனால்தான் அந்த வேகம். இரண்டு சொற்களைக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து வரும் பக்கங்களைப் பொறுக்கி, பொருத்தமானது என்று தான் கணித்ததை மேலே வைக்கிறது.

அதன் குறைகளையும் சொல்ல வேண்டும். பக்கம் எழுத்தாக இல்லாமல் படமாக வருடப்பட்டிருந்தால், அதை எழுத்தாக மாற்றித் தரும்வரை கருவிக்கு அது வெற்றுத்தாள். கையேட்டில் சுருக்கெழுத்து இருந்து நாம் முழுப்பெயரைத் தட்டினால் கிடைக்காது. தமிழில் தேடுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். "மரம்" என்று தேடினால் "மரத்தில்" என்பது சாதாரணக் கருவிக்கு அகப்படாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, எந்த விமானத்தின் கையேடு, எந்தப் பதிப்பு என்று நாம் சொல்லாவிட்டால் கருவி கேட்காது. என் தங்கை மகன் இடறி விழுந்தது அந்த இடத்தில்தான்.

ஹட்சன் ஆற்றில் கிடைக்காத நேரம்

உண்மை வானத்தில் இது எப்படி இருக்கும்? 2009 ஜனவரி 15ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட ஏர்பஸ் ஏ320 விமானம் பறவைக் கூட்டத்தில் மோதி இரண்டு இயந்திரங்களின் உந்துவிசையையும் இழந்தது. உள்ளே 155 பேர். விமானி செஸ்லி சல்லன்பர்கர் விமானத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். துணை விமானி ஜெஃப்ரி ஸ்கைல்ஸ் விரைவுக் கையேட்டை எடுத்தார். மோதியதிலிருந்து ஆற்று நீரைத் தொடும்வரை அவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய மூன்றரை நிமிடம்.

சல்லன்பர்கர் பின்னர் தம் நூலில் ஒரு செய்தியைக் குறிப்பிட்டிருக்கிறார். பக்க ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த தாவல்கள், செலவைக் குறைப்பதற்காக அந்தக் கையேட்டிலிருந்து நீக்கப்பட்டிருந்தனவாம். எண்ணைப் பிடித்து இழுக்க முடியாது, பக்கங்களைப் புரட்டித்தான் தேட வேண்டும். சில காசு மிச்சம் பிடித்ததால், கிடைத்த மூன்றரை நிமிடத்திலும் சில நொடிகள் குறைந்தன.

பக்கம் கிடைத்த பிறகும் சிக்கல் தீரவில்லை. இரண்டு இயந்திரமும் நிற்கும் நிலைக்கான அந்தச் செய்முறை மூன்று பக்கம். 20,000 அடிக்கு மேலே பறக்கும் விமானத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இவர்களோ ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில்தான் இருந்தார்கள். முதல் பகுதியைக்கூட முழுதாக முடிக்க நேரமில்லை. வாலில் உள்ள சிறிய துணை இயந்திரத்தை இயக்கினால் மின்சாரம் நிற்காது என்பதைக் கையேடு பின்னால்தான் சொல்கிறது. சல்லன்பர்கர் அதை முதலிலேயே செய்துவிட்டார். அமைப்பு அவர் மனத்தில் இருந்தது. 155 பேரும் பிழைத்தார்கள்.

சாங்கிக்குத் திரும்பிய ராட்சத விமானம்

அடுத்தது நம் வட்டாரத்திலேயே நடந்தது. 2010 நவம்பர் 4, காலை. சாங்கியிலிருந்து சிட்னி நோக்கிப் புறப்பட்ட குவான்டாஸ் நிறுவனத்தின் ஏ380 விமானத்தில் 469 பேர் இருந்தார்கள். சில நிமிடங்களில், 7,000 அடி உயரத்தில், இரண்டாம் எண் இயந்திரத்தின் சுழல் தட்டு வெடித்துச் சிதறியது. துண்டுகள் இறக்கையைத் துளைத்தன. சில பாத்தாம் தீவில் விழுந்தன.

திரையில் நாற்பதுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் வரிசை கட்டின. முன்பு சொன்னேனே, பக்கமே விமானியைத் தேடி வரும் ஏற்பாடு, அது இப்போது ஒரே நேரத்தில் பல பக்கங்களை நீட்டியது. தலைமை விமானி ரிச்சர்ட் டி கிரெஸ்பினியையும் சேர்த்து அன்று தற்செயலாக ஐந்து விமானிகள் அந்த அறையில் இருந்தார்கள். வானிலேயே வட்டமிட்டபடி செய்முறைகளை ஒவ்வொன்றாக முடிக்க அவர்களுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் ஆயிற்று.

அவர்கள் திரை சொன்னதையெல்லாம் செய்யவில்லை. இறக்கைகளின் எடை சமமாக இல்லை, எரிபொருளை மாற்று என்று திரை சொன்னது. குழாய்கள் முழுதாக இருக்கின்றனவா என்பதே தெரியாதபோது எரிபொருளை மாற்றக் கூடாது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். இறங்குவதற்குத் தேவையான தூரத்தைக் கணக்கிடும் கணினிக் கருவி முதலில் சரியான விடை தரவில்லை. ஈரமான ஓடுபாதைக்கு உரிய தகவல்களும் அதில் சேர்ந்திருந்தன. ஓடுபாதை அன்று காய்ந்திருந்தது. அவற்றை நீக்கிக் கணக்கிட்டபோது, 4,000 மீட்டர் ஓடுபாதையில் 100 மீட்டர் மிஞ்சும் என்றது கருவி. விமானம் ஓடுபாதையின் முடிவுக்கு ஏறத்தாழ 150 மீட்டர் இருக்கையில் நின்றது. ஒருவருக்கும் காயமில்லை.

எது பழுதாயிற்று என்ற பட்டியல் நீண்டுகொண்டே போனபோது, எது இன்னும் வேலை செய்கிறது என்று பார்க்கத் தொடங்கியதாக டி கிரெஸ்பினி பின்னர் கூறியுள்ளார். அந்தக் கேள்வியைத் திரை கேட்கவில்லை. விமானத்தைத் தலை முதல் வால் வரை அறிந்த ஒருவர்தான் அப்படிக் கேட்க முடியும்.

கருவியும் கல்வியும்

இதிலிருந்து, கருவியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நினைவை மட்டும் நம்பியதால் 1935இல் என்ன நடந்தது என்று பார்த்தோம். தாவல் இல்லாத கையேடு எவ்வளவு சிரமம் தந்தது என்றும் பார்த்தோம். பக்கத்தை விரைவாகக் காட்டும் எதுவும் வரவேற்கத்தக்கதே. ஆனால் பக்கத்தைக் காட்டுவது வேறு, அந்தப் பக்கம் நமக்கு உரியதா என்று அறிவது வேறு. முதல் வேலையைக் கருவிக்குக் கொடுக்கலாம். இரண்டாவது வேலையைக் கொடுக்க முடியாது. முழுவதையும் ஒருமுறையாவது படித்தவருக்கே சொல்லடைவு கைவிளக்கு. படிக்காதவருக்கு அது பதினேழு பக்கங்களைக் காட்டும், எது சரி என்று சொல்லாது.

நம் பிள்ளைகள் இன்று பாடநூலைப் படிக்கும் முன்பே விடையைத் தேடப் பழகுகிறார்கள். விமானம் ஓட்டினாலும் சரி, தேர்வு எழுதினாலும் சரி, மருத்துவம் பயின்றாலும் சரி, ஒருநாள் மீண்டும் தொடங்கும் பொத்தான் இல்லாத இடத்தில் அவர்கள் அமரப்போகிறார்கள். பெற்றோர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

அன்றைக்குப் பிறகு நானும் மருமகனும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். முதலில் கோப்புறையை விமானம் வாரியாகப் பிரித்தான். எந்த விமானம் என்று குறிப்பிட்ட பிறகே தேடுவான். ஞாயிறுதோறும் ஓர் அத்தியாயத்தைத் தேடாமல் படித்து, எனக்குத் தமிழில் விளக்க வேண்டும். ஹைட்ராலிக் அத்தியாயத்துக்கு மூன்று ஞாயிறு ஆயிற்று. விளக்க முடியாமல் இரண்டு முறை அவனே கையேட்டுக்குத் திரும்பிப் போனான். சென்ற விடுமுறையில் அதே மஞ்சள் எச்சரிக்கை மறுபடியும் வந்தது. இந்த முறை அவன் கை உடனே தேடும் பெட்டிக்குப் போகவில்லை. சற்று நேரம் திரையைப் பார்த்தான். "மாமா, ரெண்டாவது பம்பு இன்னும் ஓடுது" என்றான். அதன் பிறகுதான் தேடினான்.